வாரண்டி கார்டில் ஒரு குங்குமப் பொட்டு

பம்பாய் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஃபேக்ஸில் இரண்டே வரிகள் இருந்தன. கார்டில் விற்பனைத் தேதி வேண்டுமென்றே அழிக்கப்பட்டுள்ளது. ஆகவே வாரண்டி செல்லாது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, நாற்காலியின் நுனியில் அமர்ந்திருந்த சூலூர் பழனிசாமியை எப்படி ஏறிட்டுப் பார்ப்பதென்று தெரியாமல் நின்றேன்.

தொண்ணூறுகளின் முற்பகுதி அது. காந்திபுரத்தில், வெளிநாட்டுக் கைக்கடிகாரங்களுக்கான அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் ஒன்றில் நான் கவுண்ட்டர் பொறுப்பாளன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். கம்பெனி அனுப்பும் ஆங்கிலக் கையேடுகளை அகராதியின் துணைகொண்டு படித்தே தொழிலை அறிந்தேன்.

பழனிசாமி சில விசைத்தறிகள் ஓட்டிவந்தவர். ஒரே மகளின் திருமணத்தில் மாப்பிள்ளைக்கு, கை அசைவிலேயே சாவி ஏறும் ஒரு சுவிஸ் ஆட்டோமேட்டிக் வாட்ச் கட்டினார். அது துபாயில் விற்பனையாகி, கோட்டைமேட்டு வியாபாரி ஒருவர் மூலம் கைமாறி வந்த செகண்ட் ஹேண்ட் வாட்ச். இதை வீட்டில் எவரிடமும் அவர் சொல்லவில்லை. நான்காம் மாதம் வாட்ச் மக்கர் செய்தது. மாலையில் கழற்றி வைத்தால் விடியும் முன் நின்றுவிடும். "டவுனுக்குத்தான் போறேன், காட்டிட்டு வாரேன்" என்று மாப்பிள்ளையிடம் கேட்டு வாங்கிக்கொண்டு எங்களிடம் வந்தார்.

முதல் நாளே கவுண்ட்டரின் மேல் சாய்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"ஏனுங்க, பழைய வாட்சுன்னு மாப்பிள்ளைக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சா எம் புள்ளைக்கு அந்த ஊட்டுல மருவாதி இருக்காதுங்க. எதுனாலும் நானே நேர்ல வந்து கேட்டுக்கறேன். கடுதாசி மட்டும் போட்டுப்போடாதீங்க."

"சரிங்க" என்றேன்.

எங்கள் மேலாளர் துபாய்க் கடையின் முத்திரை இருந்த வாரண்டி கார்டைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "செகண்ட் ஹேண்டுக்கெல்லாம் வாரண்டி இல்லீன்னு சொல்லி அனுப்பியுடுங்க."

"கையேட்டுல முதல் உரிமையாளர்னு இல்லீங்க சார். கார்டை வெச்சிருக்கறவர்னுதான் போட்டிருக்குது. ரெண்டு வருச வாரண்டில இன்னும் எட்டு மாசம் பாக்கி இருக்குதுங்க."

கையேட்டை வாங்கி இருமுறை படித்தார். "நீங்க வக்கீலாப் போயிருக்க வேண்டிய ஆளுங்க" என்று சிரித்துவிட்டு, வேலை விவரம் எழுதும் ஜாப் கார்டில் கையெழுத்திட்டார். வாட்சை ஓட்டும் மெயின் ஸ்பிரிங் பிடிமானமின்றி வழுக்கியது. அதைப் பம்பாயில்தான் மாற்ற முடியும். நடைமுறைப்படி வாரண்டி கார்டை முதலில் ஃபேக்ஸில் அனுப்பினோம். அதற்கு வந்த பதில்தான் மேலே சொன்னது.

நடந்தது இதுதான். புதுக் காகிதம் எதுவாயினும் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, நடுவில் குங்குமம் வைத்த பின்பே எடுத்துப் புழங்குவது நம் பக்கத்து வழக்கம். திருமணத்தன்று பழனிசாமி வாரண்டி கார்டுக்கும் அதைச் செய்திருக்கிறார். பொட்டு சரியாக விற்பனைத் தேதியின் மேல் விழுந்துவிட்டது. கார்டைச் சாய்த்துப் பிடித்தால் குங்குமத்தினடியில் எண்கள் தெரியும். ஃபேக்ஸில் சிவப்பு கறுப்பாகிவிடுமாதலால், பம்பாய்க்காரர்கள் கண்டது தேதியின் மேல் பூசிய கரிய வட்டம் ஒன்றையே.

விவரம் சொன்னதும் பழனிசாமி தலையில் கை வைத்துக்கொண்டார். "அத்தனை எடம் காலியாக் கெடக்குதுங்க. அளந்து பார்த்து வெச்ச மாதிரி அங்க போயி வெச்சுப்போட்டனுங்களே. தொடைச்சுப் போடலாங்களா?"

"தொட்டுடாதீங்க. மையும் சேந்து போயிரும்."

அசல் கார்டையே பதிவுத் தபாலில் அனுப்புவதென முடிவு செய்தேன். உடன் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். நான்கு தாள்கள் கிழிந்த பின்னரே அது திருத்தமாக அமைந்தது. இது மையன்று, மங்கலப் பொருள். சாய்த்துப் பிடித்துப் படிக்க வேண்டுகிறேன் என்று முடித்திருந்தேன். பன்னிரண்டாம் நாள் அனுமதி வந்தது. தட்டச்சு செய்த வரிகளுக்கடியில் சர்வீஸ் தலைவர் தம் கையாலேயே, ‘என் காரின் ஆர்.சி. புத்தகத்திலும் எஞ்சின் எண்ணின் மேல் என் மனைவி இதைத்தான் வைத்திருக்கிறாள்’ என எழுதியிருந்தார்.

வாட்ச் சீராகி வந்தது. அதன்பின் நான் செய்த பிழையை இங்கே மறைப்பது முறையாகாது. வேலை முடிந்த விவரத்தை வாடிக்கையாளருக்குத் தபால் அட்டையில் தெரிவிப்பது எங்கள் வழக்கம். டைப்பிஸ்ட் நீட்டிய அட்டைக் கட்டுக்குள் பழனிசாமியின் அட்டையும் இருந்தது. படித்துப் பாராமல் எல்லாவற்றிலும் கையெழுத்திட்டேன்.

மூன்றாம் நாள் இளைஞர் ஒருவர் அந்த அட்டையைக் கவுண்ட்டரில் வைத்தார். ‘இரண்டாவது உரிமையாளர், வாரண்டி ஏற்கப்பட்டது’ என்று அதில் தெளிவாக அடித்திருந்தது.

"பழனிசாமி எங்க மாமனாருங்க. ஆடி நோம்பிக்கு வந்திருக்கறோம். போஸ்ட்மேன் என் கையில குடுத்துட்டாருங்க."

நாற்காலியை விட்டு எழுந்தேன். "தப்பு எம் பேர்லதானுங்க. அவரு போட வேண்டாம்னுதான் சொன்னாரு."

"பழசுன்னு கட்டுன வாரமே தெரியுமுங்க" என்றார் அவர். "செயின்ல ரெண்டு கண்ணி கழட்டியிருந்துச்சு. என் கையை அளவெடுக்காம ஆரு கழட்டியிருப்பாங்க?"

"மாமனாரைக் கேக்கலீங்களா?"

"கேட்டு அவரு மூஞ்சி வாடறதைப் பாக்கோணுங்களா? எங்கெங்கயோ அலைஞ்சு நல்லதாப் பார்த்துத்தான் எடுத்திருக்காரு."

வாட்சை ஒருமுறை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டார். எங்கள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து முள்ளைத் திருத்தினார். பிறகு அட்டையையும் சேர்த்து என்னிடமே நகர்த்தினார்.

"இந்தக் கார்டு வந்து சேரலைன்னு வெச்சுக்குங்க. மாமா வருவாரு. அவரு கையிலயே குடுங்க. நான் வந்ததைச் சொல்லிப்போடாதீங்க."

மறுநாள் பழனிசாமி வந்தார். "கடுதாசி ஒண்ணும் போடலீங்களே?"

"ஊட்டுக்கு ஒண்ணும் வராதுங்க" என்றேன். அட்டை என் மேசை இழுப்பறைக்குள் இருந்தது.

"நல்லதாப் போச்சுங்க. மாப்பிள்ளை நாளைக்குத்தான் கெளம்பறாரு. நானே கட்டியுட்டுர்றேன்" என்று வாட்சைச் சட்டைப் பையில் வைத்து, பையை ஒரு கையால் மூடிக்கொண்டே படியிறங்கினார்.

அன்று மாலையே மேலாளரிடம் பேசி ஒரு மாற்றம் செய்தோம். தபால் அட்டையில் ஜாப் எண்ணும் ‘வேலை முடிந்தது’ என்ற சொற்களும் மட்டுமே இருக்கும். வாட்ச் யாரிடமிருந்து யாரிடம் வந்தது என்பது எங்கள் பதிவேட்டைத் தாண்டாது. கவுண்ட்டரில் அமரும் இளைஞர்களுக்கு நான் சொல்வதும் இதுவே: வாடிக்கையாளர் குரலைத் தாழ்த்திச் சொல்வதை ஜாப் கார்டில் முதல் வரியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கையெழுத்துக்கு வரும் கட்டு எத்தனை பெரிதாயினும் ஒவ்வொன்றையும் படித்துவிட்டுப் போடுங்கள். அந்த மாப்பிள்ளையைப் போன்ற ஒருவர் ஒவ்வொரு முறையும் வந்து நம் பிழையைத் திருத்தித் தரமாட்டார்.