பரிமளா வீட்டுப் பால்காய்ச்சு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சுகுணா மூன்று தடவை வாசலுக்கு வந்து தெருவைப் பார்த்துவிட்டாள். நான்காவது தடவை வந்தபோது தான் போட்ட கோலத்தைத் தானே மிதித்துவிட்டாள். நாற்பத்திரண்டு வயதாகியும் அவளுக்குப் பரபரப்பு அடங்கினபாடில்லை. சந்தோஷமென்றாலும் கால் தரையில் நிற்காது, பயமென்றாலும் நிற்காது. அன்றைக்கு இரண்டும் சேர்ந்தே வந்திருந்தன.

விஷயம் இதுதான். திருக்கோகர்ணத்தில், டவுன் பஸ் சத்தம் கேட்கிற ஒரு தெருவில், மூன்று பெண்கள் வாடகைக்குக் குடிவருகிறார்கள். பரிமளா, சிவரஞ்சனி, அழகம்மாள். மூவருக்கும் பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு. இதுவரை ஊருக்கு வெளியே ஒரு பெரிய இல்லத்தில் அறுபது பேரோடு அறுபத்தோராவது ஆளாகக் கிடந்தவர்கள். இனிமேல் தனி வீடு, தனிச் சமையல், துணைக்குச் சுகுணா.

சுகுணா அரிமளத்துக்காரி. திருப்பூர்த் தையல் கம்பெனியில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, அந்த இல்லத்தில் பராமரிப்பாளராகச் சேர்ந்து ஒன்பது வருஷமாகிறது. இல்லத்தைக் குறை சொல்ல முடியாது. நல்ல சோறு, சுத்தமான பாய், அடி உதை கிடையாது. ஆனால் மணி அடித்தால் எழுந்திருக்க வேண்டும், மணி அடித்தால் சாப்பிட வேண்டும். நைட்டிகூட எல்லோருக்கும் ஒரே துணிச்சுருளில் வெட்டியது. ஒருநாள் பேச்சுவாக்கில், "பரிமளா, ஒனக்கு என்ன கொழம்பு பிடிக்கும்?" என்று சுகுணா கேட்டாள். முப்பத்தாறு வயதுப் பெண் பதில் தெரியாமல் முழித்தாள். இத்தனை வருஷத்தில் அவளிடம் யாரும் அதைக் கேட்டதே இல்லை. சுகுணாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று பிடித்தவள்தான், நிர்வாகத்தை இரண்டு வருஷம் விடாமல் நச்சரித்து இந்த வீட்டை வாடகைக்குப் பிடிக்க வைத்த பிறகுதான் ஓய்ந்தாள்.

எல்லாம் கூடிவந்த நேரத்தில் குறுக்கே நின்றவர் ஆத்மநாதன். பரிமளாவின் அண்ணன், சட்டப்படி அவளுக்குக் காப்பாளர். அவர் கையெழுத்து இல்லாமல் பரிமளா இங்கே தங்க முடியாது. குவைத்திலிருந்து லீவில் வந்திருந்தவர் போனில் கத்தினார்.

"என்னம்மா நெனச்சுக்கிட்டு இருக்கீங்க? அடுப்பு இருக்குற வீட்டுல அவள விடுவீங்களா? எங்க ஆத்தா கண்ணு முன்னாடி அவ பாவாடையில தீப்புடிச்சது. நான்தான் கோணிய நனைச்சுப் போத்துனேன். ஒங்களுக்கு என்ன தெரியும்?"

அந்தத் தீயின் தழும்பு பரிமளாவின் இடது கையில் முழங்கை வரைக்கும் இருக்கிறது. அதற்கப்புறம் அவளை யாரும் அடுப்படிப் பக்கமே விடவில்லை. ஆத்மநாதன் கெட்டவர் இல்லை, பயந்தவர். பயந்தவரிடம் சண்டை போட்டு என்ன பிரயோஜனம்?

"அண்ணே, பால்காய்ச்சுக்கு வாங்க. கண்ணால பாருங்க. பிடிக்கலைன்னா அன்னைக்கே கூட்டிக்கிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டாள் சுகுணா.

அவளுக்குத் தைரியம் கொடுத்தது நாலு மாதப் பயிற்சி. தினமும் பரிமளாவை அடுப்பு முன்னால் நிற்க வைத்து, பால் காய்ச்சப் பழக்கியிருந்தாள். முதல் பதினோரு நாளும் பால் பொங்கி வழிந்து தீ அணைந்தது, கேஸ் நாற்றம் அடித்தது. பன்னிரண்டாம் நாள் பால் விளிம்புக்கு வந்ததும் பரிமளாவின் கை அடுப்புத் திருகுக்குப் போய் அதை மூடியது. எல்லோரும் கைதட்டினார்கள். அதற்கப்புறம் ஒரு சொட்டு வழிந்ததில்லை.

எட்டு மணிக்கு ஆத்மநாதன் வந்து இறங்கினார், கூடவே அவருடைய சித்தியும். சித்திக்குச் சகுனம் பார்ப்பதில் அசாத்திய நம்பிக்கை. உள்ளே வந்ததுமே கிழக்கு எது என்று விசாரித்து வைத்துக்கொண்டார்.

"பால யாரும்மா காய்ச்சப் போறது? நீதானே?" என்றார் ஆத்மநாதன்.

"வீடு யாருதோ அவங்கதான் அண்ணே காய்ச்சணும்" என்றாள் சுகுணா.

பரிமளா நைட்டியில் இல்லை. கடைக்குப் போய்த் தானே பார்த்து எடுத்த மஞ்சள் சுடிதார், துப்பட்டாவைப் பின்னால் இழுத்துக் கட்டியிருந்தாள். லைட்டரை மூன்று தடவை அழுத்தினாள். பிடித்துக்கொண்டது. ஆத்மநாதன் நிலைப்படியைப் பிடித்தபடி நின்றார். முகம் வெளிறிப்போயிருந்தது.

பால் சூடேறி விளிம்பெல்லாம் நுரை கட்டியது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். எந்தப் பக்கம் பொங்கப் போகிறது? சித்தி குலவை போட வாயைக் குவித்துவிட்டார். பால் ஏறுகிறது, ஏறுகிறது, இதோ வந்துவிட்டது. அப்போதுதான் சுகுணாவுக்கு உறைத்தது. ஐயையோ! பால்காய்ச்சில் பால் பொங்க வேண்டும் என்று இவளுக்குச் சொல்லவே இல்லையே!

டக்கென்று திருகை மூடினாள் பரிமளா. பொங்க வந்த பால் அப்படியே அடங்கிக் கீழே இறங்கியது. அதோடு விட்டாளா? குனிந்து சிலிண்டரையும் மூடிவிட்டு, கைதட்டலுக்காகத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

சிவரஞ்சனி மட்டும் பழக்கதோஷத்தில் படபடவென்று தட்டினாள்.

"அடியாத்தீ! பொங்கவிடாம அமத்திப்புட்டாளே! குடிவந்த அன்னைக்கேவா?" என்று சித்தி மாரில் கைவைத்துக்கொண்டார். "ஏத்தா சுகுணா, நீ திரும்பப் பத்தவச்சுப் பொங்கவிடு. அபசகுனம்."

சுகுணாவின் கை லைட்டருக்குப் போனது. ஒரு நிமிஷ வேலை. சித்தி குளிர்ந்துவிடுவார், அண்ணனும் சமாதானமாகிவிடுவார், கையெழுத்து கிடைத்துவிடும். தப்பு தன்னுடையதுதானே, தானே சரி செய்துவிடலாம். ஆனால் பரிமளாவின் முகத்தில் சிரிப்பு வாடிக்கொண்டிருந்தது. சுகுணா கையை இழுத்துக்கொண்டாள்.

"பரிமளா, திரும்பப் பத்தவச்சுப் பொங்கவிடலாமான்னு கேக்குறாங்க. ஒன் வீடு. நீ என்ன சொல்ற?"

"வேணாம்."

"அப்ப வேணாம்ங்க சித்தி" என்றாள் சுகுணா. ரெண்டு வருஷ உழைப்பு இந்த ஒரு வார்த்தையில் போய்விடலாம் என்று அவளுக்குத் தெரியும்.

ஆத்மநாதன் நிலைப்படியை விட்டு மெதுவாக அடுப்புக்குப் பக்கத்தில் வந்தார். "ஏன் பரிமளா வேணாங்குற?"

"பொங்குனா தீ அமந்துரும். கேஸ் வரும். எல்லாரும் செத்துப்போவோம்" என்றாள் பரிமளா, இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. "அண்ணே, தள்ளி நில்லுங்க. பாத்திரம் சுடும்."

அவள் சொன்னபடியே அவர் தள்ளி நின்றார். மூடியிருந்த திருகையும் சிலிண்டரையும் குனிந்து பார்த்தார். பிறகு, "சித்தி, பொங்குனது போதும், விடுங்க" என்றார். பால் எங்கே பொங்கியது என்று சித்தி வாய்க்குள் முனகிக்கொண்டே போய் உட்கார்ந்தார்.

பரிமளா டீ போட்டாள். ஒவ்வொருத்தரிடமும் சீனி எத்தனை கரண்டி என்று கேட்டாள். ஆத்மநாதன் குடித்துவிட்டு டம்ளரைத் தரையில் வைத்தார்.

"குடிச்சவங்கதான் கழுவணும்" என்றாள் பரிமளா. "நாங்க மூணு பேரும் பேசி வச்சது."

சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆத்மநாதன் தொட்டிக்குப் போனார். டம்ளரைக் கழுவிக்கொண்டே, பின்னால் நிற்கிற தங்கையைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டார். பிறந்ததிலிருந்து அவளிடம் அவர் கேட்டிராத கேள்வி.

"பரிமளா, எங்கூட வாரியா, இங்கிட்டே இருக்கியா?"

பரிமளா யோசித்தாள்.

"நாளைக்குக் காலையில பால்காரரு வருவாரு. நான் இல்லேன்னா யாருண்ணே வாங்குறது?"

டம்ளர் கழுவி முடித்தும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. ஆத்மநாதன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பேப்பரக் கொண்டாம்மா" என்றார். சுகுணா ஓடின ஓட்டத்தில் பேப்பரை விட்டுவிட்டுப் பேனாவை மட்டும் எடுத்து வந்தாள்.