சந்தைக்கொல்லையில் கிடைத்தது

மார்ச்சில் மனைவி போனதிலிருந்து க்ளிஃபர்ட் லார்ட்டருக்கு எதுவுமே உறைக்கவில்லை. அடக்கத்தின்போது அழவில்லை. டீயில் சர்க்கரை போட்டோமா இல்லையா என்பது குடித்து முடித்த பிறகும் தெரிவதில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள், இங்கிலாந்தின் சஃபோக் வட்டாரமெங்கும் பீட் கிழங்கு லாரி ஓட்டிய உடம்பு, அதனால்தான் இந்தத் தைரியம் என்று மெச்சிவிட்டுப் போனார்கள். தைரியமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மனுஷன் மரத்துப்போயிருந்தார், அவ்வளவுதான்.

அறுப்பு முடிந்த வயல்களில் பழைய நாணயம் தேடி மெட்டல் டிடெக்டரோடு நடப்பது அவருடைய ஞாயிற்றுக்கிழமை வேலை. நடப்பது அவர், எங்கே நடக்க வேண்டும் என்று சொல்வது மனைவி மேவிஸ். சர்ச் வரிக்காக அந்தக் காலத்தில் வரைந்த ஊர்ப்படங்களின் கோணல் கையெழுத்து அவள் கண்ணுக்குத்தான் பிடிபடும். பழைய படத்தைக் கண்ணாடித்தாளில் நகலெடுப்பாள். அதை இன்றைய படத்தின் மேல் வைத்து, சமையலறை ஜன்னலில் ஒட்டி, சர்ச் கோபுரத்துக்குக் கோபுரம் பொருத்துவாள். வேலிகளையெல்லாம் பிடுங்கி ஒரே வயலாக்கிய இடத்தில் பழைய வேலிகள் மறுபடி தெரியும்.

அப்படித்தான் ராபின் கேட்ச்போலின் கோதுமை வயலுக்குள், முன்காலத்தில் சந்தை கூடிய சந்தைக்கொல்லை அகப்பட்டது. ஒற்றையடிப்பாதை ஒன்று வேலியில் படிக்கட்டு ஏறிக் கடந்த இடத்தை மேவிஸ் விரலால் தட்டினாள்.

"இங்க பாரு க்ளிஃப். சந்தையில குடிச்சிட்டு இந்தப் படியில ஏறுறவன் பையில எது தங்கும்? மொதல்ல கெடைக்கறது எனக்குத்தான். அப்புறம் பேச்சு மாறக்கூடாது."

ஆனால் கேட்ச்போல் இடம் கொடுக்கவில்லை. திருட்டுத்தனமாக வந்து தோண்டிவிட்டுப் போன யாரோ செய்த வேலைக்கு ஊரிலுள்ள கருவிக்காரர் எல்லார் மேலும் அவருக்குக் கடுப்பு. வருடாவருடம் கேட்டு வருடாவருடம் முடியாது என்ற பதிலோடு திரும்பினார் க்ளிஃபர்ட். மேவிஸின் அடக்கம் முடிந்து எல்லாரும் சாண்ட்விச் தட்டோடு நின்றபோது கேட்ச்போல் தாமாகவே வந்து, அறுப்பு முடிந்ததும் வரச்சொன்னார். கிடைப்பதில் வழக்கப்படி ஆளுக்குப் பாதி.

ஆகஸ்ட் கடைசியில் போனார். மேவிஸுக்கென்று முதல் நாணயத்தை எடுக்கும்போதாவது நெஞ்சில் ஏதாவது அசையுமா என்று பார்க்கத்தான் போனார். அப்போதும் அசையாவிட்டால் இனி எப்போதும் அசையாது என்று ஒரு பயம் இருந்தது. அந்தப் பயமும் மங்கலாகத்தான் இருந்தது.

வேலிப்படி இருந்த இடத்தை அளந்து குச்சி நட்டுவிட்டு, வயல் ஓரத்திலிருந்து கருவியை இயக்கினார். ஹெட்போனில் சத்தம் ஓயவே இல்லை. தோண்டினால் பீர் டின்னின் சில்லு. பக்கத்தில் இன்னொன்று. மண்ணைக் கிளறிப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. வீட்டுக்காரர்கள் பழுப்புத் தொட்டியில் போடும் தோட்டக் குப்பையை அரைத்து, மக்கவைத்து, உரமாக விற்கிறார்கள். கேட்ச்போல் அதை வாங்கி, அறுத்த கையோடு வயல் முழுக்க இறைத்துவிட்டிருந்தார். கருவிக்காரர்களுக்கு அத்தோடு ஒரு வயல் செத்த மாதிரிதான். செடியோடு தகரத்தையும் சேர்த்துத் தொட்டியில் போடுகிறவன் கையை ஒடிக்க வேண்டும் என்று கருவிக்காரர் கிளப்பில் அதிகம் கத்தியவர் க்ளிஃபர்ட்தான்.

அடுத்த சில்லில் ஆணியால் குத்திய ஓட்டை ஒன்று இருந்தது. அவர் அப்படியே தாளடியில் உட்கார்ந்துவிட்டார்.

மேவிஸின் டேலியாக் கிழங்குகளில் கட்டுவதற்காக, பீர் டின்னை வெட்டி ஆணியால் ஓட்டை போட்டுக் கொடுப்பது அவர். பூவின் பெயரை அதில் கீறுவது அவள். குளிர்காலம் முழுக்கக் கிழங்குகள் கொட்டகையில், பெட்டிகளில், காய்ந்த மணலுக்குள் இருக்கும். அடக்கம் முடிந்த வாரம் அவர் அந்தப் பெட்டிகளைத் தூக்கிவந்து ஒவ்வொன்றாகப் பழுப்புத் தொட்டியில் கவிழ்த்தார். தகரத்தை அவிழ்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. மூடியை அழுத்தி மூடிவிட்டு, உள்ளே போய் டிவி பார்த்தார்.

ஊரில் டின்னில் ஓட்டை போடுகிறவர் அவர் ஒருவர்தானா என்ன? சில்லில் எழுத்தும் இல்லை. இருந்தாலும் பையில் போட்டுக்கொண்டார். அதன் பிறகு சத்தம் வந்த இடத்தையெல்லாம் தோண்டினார். ஒவ்வொரு சில்லையும் கால்சட்டையில் துடைத்து, வெயிலில் சாய்த்துப் பார்த்துவிட்டுக் குழியை மூடினார். குச்சி நட்ட பக்கம் போகவே இல்லை.

சாயங்காலம் கேட்ச்போல் வந்து பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா இது, ஒரே டின்னா இருக்கு? என் பாதியையும் நீயே வச்சுக்க."

க்ளிஃபர்ட் நிமிரவில்லை.

"கீறி எழுதின துண்டு ஏதாவது கண்ல பட்டா எடுத்து வைங்க ராபின். மேவிஸ் எழுதினது. நான்தான் தொட்டில கொட்டினேன்."

கேட்ச்போல் தாளடியில் முட்டிபோட்டு, மண்ணைக் கையால் விலக்கிக்கொண்டே, என்ன எழுதியிருக்கும் என்று கேட்டார்.

"பூப்பேரு. எனக்கு ஒண்ணுகூட ஞாபகம் இல்ல," என்றார் க்ளிஃபர்ட்.