கிணற்றில் இல்லாத நிக்கல்

சக்ரபாணியைப் போல ஒரு பாட்டிலைக் கழுவ இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது. சோப்பில் ஒரு கழுவல், அமிலத்தில் ஒரு ஊறல், வாலைவடிநீரில் ஒரு அலசல். பக்கத்து மேஜைக்காரனான எனக்குப் பார்த்துப் பார்த்து எரிச்சலே வந்துவிடும். கல்யாணப் பெண்ணைக்கூட இப்படிக் குளிப்பாட்ட மாட்டார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மாடவீதிக்காரர். காலை பஸ்ஸில் ராஜபாளையம் வருவார். தொண்ணூற்று மூன்றில் எங்கள் ஆலை லேபுக்குப் பிளாஸ்மா மெஷின் வந்தபோது அவரிடம்தான் ஒப்படைத்தார்கள். அதற்குள் ஆர்கான் வாயுவில் ஒரு சுடர் எரியும். தண்ணீரைப் பனிபோலத் தூவி அதில் விட்டால், கரைந்திருக்கும் ஒவ்வொரு உலோகமும் தனக்கே உரிய ஒளியைக் காட்டும். எது எவ்வளவு என்று மெஷின் கணக்குச் சொல்லிவிடும்.

செட்டியார்பட்டி சீனியம்மாள் வீட்டை ஒட்டி ஒருவர் நிக்கல் முலாம் பூசும் பட்டறை போட்டிருந்தார். கழிவை வேலியோரக் குழியில் விட, அவள் கிணறு பச்சை தட்டியது. மகள் பரிபூரணம் பிரசவத்துக்கு வந்திருந்த சமயம். ஊர்க்கோடி அடிபம்பிலிருந்து தாய்க்காரி குடம் குடமாகச் சுமந்தாள். தாலுகா ஆபீசில் மனுவும் கொடுத்தாள். எங்கள் லேபில் ஒரே ஒரு சோதனை. நிக்கல் இருந்தால் பட்டறையை மூடுவது, இல்லையென்றால் மனுவை முடிப்பது என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டார்கள்.

தண்ணீர் எடுக்க நானும் கூடப் போனேன். கிணறு அடிவரை தெரிந்தது. "பாரும் ஓய், எவ்வளவு சுத்தமா வச்சிருக்கா!" என்று சக்ரபாணி பூரித்துப்போனார். சுத்தம் என்றால் அந்த மனிதருக்கு மூளை வேலை செய்யாது.

மெஷினில் நிக்கல் தலைகாட்டவே இல்லை. திரும்பத் திரும்ப ஓட்டினார். கால்சியம் மட்டும் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "சுண்ணாம்பு விழுந்திருக்கு ஓய். அது சேர்ந்தா நிக்கல் கரைஞ்சு நிக்காது, எல்லாம் வண்டலா அடியில போயிருக்கும்."

அன்று மாலையே இருவரும் போனோம். "கிணத்துல சுண்ணாம்பு போட்டீங்களாம்மா?" என்று கேட்டார்.

சீனியம்மாளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ஆமா சார். ஆபீஸ்ல இருந்து ஆளுக வாராகன்னு தலையாரி சொன்னாரு. வாரவுகளுக்கு அழுக்குத் தண்ணியவா எடுத்துக் குடுக்க? ஆள் விட்டு எறைச்சு, தூர் வாரி, ரெண்டு கூடை நீத்த சுண்ணாம்பப் போட்டு வச்சேன்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அவளைச் சொல்லி என்ன பயன்? கிணற்றைத் தொடாதே என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. விருந்தாளிகள் வருகிறார்கள் என்றால் வாசல் கூட்டுகிற ஊர் இது.

"நிக்கலுக்கு ஏதோ ஒரு நம்பரைப் போட்டுக் குடுத்துத் தொலையுமே" என்று வழியெல்லாம் அவரிடம் சண்டை போட்டேன். "மெஷின் சொல்லாததை நான் எப்படி எழுதுவேன்?" என்றார். நிக்கல் இல்லை என்று எழுதி, சுண்ணாம்புச் சங்கதியையும் விளக்கி, மறுபடி தண்ணீர் எடுக்க வேண்டும் என்று கீழே கெஞ்சாத குறையாகச் சேர்த்தார். தாலுகா ஆபீசில் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டார்கள். நேரில் போய் நின்றார். "முடிஞ்சது முடிஞ்சதுதான் சார்" என்று அனுப்பிவிட்டார்கள். பட்டறை ஓடிக்கொண்டுதான் இருந்தது.

விஷயத்தைச் சொல்லி வரலாம் என்று மறுபடி செட்டியார்பட்டிக்குப் போனோம். அடிபம்புக் குடங்கள் சுவரோரம் கவிழ்ந்து கிடந்தன. பரிபூரணம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிணற்றடியில் நின்றாள். சீனியம்மாள் அப்போதுதான் இறைத்த தண்ணீரை டம்ளரில் மொண்டு சக்ரபாணியிடம் நீட்டினாள்.

"இதைக் குடிக்காதீங்கம்மா. கழிவு இன்னும் ஊறிக்கிட்டுதான் இருக்கு. சுண்ணாம்போட வேகம் அடங்கினதும் பழையபடி ஆயிடும்."

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "நீங்கதான சார் ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்தீக? ஆபீஸ்ல வாசிச்சுக் காட்டுனாக. இனி எம்புட்டுத் தூரம் நான் சுமக்க?"

சக்ரபாணி டம்ளரை வாங்கவில்லை. நீட்டிய கை வலித்ததோ என்னவோ, டம்ளரை மகள் பக்கம் திருப்பினாள். பரிபூரணம் அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்தாள்.