இலையில் இருந்த உப்பு

கிரிவலப் பாதையில் மலை எப்போதும் வலப்பக்கம் இருக்கும். நடக்கிறவர்கள் இடது ஓரமாகத்தான் போக வேண்டும், மலையை ஒட்டிய பக்கம் சித்தர்களுக்கு என்பார்கள். நானும் இடது ஓரத்தில்தான் தொடங்குவேன். கால் ஓய்ந்ததும் எப்படியோ மலைப்பக்கம் போய்ச் சேர்ந்திருப்பேன். அடி அண்ணாமலையில் டீக்கடை வைத்திருக்கிறவர் இதைப் பல பௌர்ணமிகளாகக் கவனித்து, "உன்ன மலை இழுக்குதுய்யா. எல்லாருக்கும் கிடைக்காது" என்பார். வேறு எதுவும் கிடைக்காத எனக்கு அதையாவது நம்பலாம் என்று தோன்றியது. அண்ணனிடமும் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது வரியின் முதல் வார்த்தைகள் விட்டுப்போகும். பராக்குப் பார்க்கிறான் என்று அடிப்பார்கள். பிறகு லாரியில் கிளீனர், ஏதோ ஊர்களில் ஓட்டல் வேலை. எதிலும் நிலைக்காமல் திரும்பி வந்தபோது அண்ணன் தன் ஷேர் ஆட்டோவைக் கொடுத்தான். பஸ் ஸ்டாண்டிலிருந்து வேங்கிக்கால் வரை ஓட்ட வேண்டும். கீழ்பென்னாத்தூருக்கு வேன் ஓட்டுகிறவன் அவன். ஆட்டோவும் போனால் எனக்கு இந்த ஊரில் வேறு பிழைப்பு இல்லை.

காலையில் ஒழுங்காக ஓட்டுவேன். மதியத்துக்கு மேல் வண்டியின் இடதுபக்கம் எதன்மீதாவது உரசும். ஒரு சாயங்காலம், கலெக்டர் ஆபீஸ் எதிரில், ஒரு அம்மா இடதுபக்கம் இறங்கிக்கொண்டிருக்கும்போதே வண்டியை எடுத்துவிட்டேன். விழுந்ததில் அவருக்கு முழங்கால் சிராய்த்தது.

"கண்ணு தெரியாதவன் கையில எவன்யா வண்டியக் குடுத்தது?" என்றார் அவர், புடவையைத் தட்டிக்கொண்டே.

கொடுத்தவன் மறுநாள் என்னைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போனான். கண்ணில் குறை இல்லை என்று சொல்லி நரம்பு டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் தாளில் ஒரு கோடு போட்டு நடுவில் புள்ளி வைக்கச் சொன்னார். சரியாகத்தான் வைத்தேன் என்று நினைத்தேன். அது வலப்பக்கம் தள்ளி இருந்தது.

"கண்ணு பாக்குறது வேற, மூளை கவனிக்கிறது வேற" என்றார் டாக்டர். "மூளையில டோபமைன்னு ஒண்ணு இருக்குது. கவனத்த முழிப்பா வெச்சிக்க அதுவும் வேணும். அது வேலை செய்யறது ஆளுக்கு ஆள் மாறும். கொஞ்சம் ஜீன் வழியா வர்றது. களைச்சுட்டா நெறைய பேருக்குக் கவனம் வலப்பக்கம் லேசா சாயும். உங்களுக்கு ஜாஸ்தி சாயுது."

"ரத்தத்துல வர்றதுங்களா?" என்றான் அண்ணன். "எங்கப்பா வேலை முடிஞ்சு வந்து சாப்பிட உக்காந்தா, இலையில உப்ப வெச்சிக்கினே உப்பு எங்கேனு கத்துவாருங்க. அம்மா எடுத்து வலப்பக்கம் வெச்சாதான் அடங்குவாரு."

"இருக்கலாம். ஜீனாலதான்னு அடிச்சுச் சொல்ல டெஸ்ட் கிடையாது. ஆனா களைச்சுப் போனா வண்டி ஓட்டாதீங்க."

களைக்காமல் ஷேர் ஆட்டோ ஓட்டுவது எப்படி என்று நான் கேட்கவில்லை. வெளியே வந்ததும் அண்ணன், "உன்ன மலை இழுக்கலடா, மண்டைதான் இழுக்குது" என்றான். சிரிக்கப் பார்த்தோம்.

பக்கத்து மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்தோம். நான் அவன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் வேன் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறவன். அவன் கை தானாக இடது மூலைக்குப் போய் உப்பைத் தொட்டுச் சோற்றில் கலந்தது. அப்பாவிடம் இருந்தது இவனுக்கு வரவில்லை என்று நிம்மதி வந்தது.

"என்னடா அப்படிப் பாக்குற?"

"உப்பு வெச்சாங்களானு பாத்தேன்."

"உன் இலையிலயும்தான் கீது."

குனிந்து பார்த்தேன். இடது மூலையில் இருந்தது, அதுவரை என் கண்ணில் படவே இல்லை. ஆட்டோ சாவியை எடுத்து அவன் பக்கம் வைத்தேன். அவன் அதைத் தொடவில்லை. "மோர் வரட்டும், சாப்பிடு" என்றான்.