பூனைக்கு வாங்கிய ஸ்டூல்

உங்கள் வீட்டுப் பூனை எங்கே உட்காரும்? யோசிக்காமல் சொல்லிவிடுவீர்கள். காலையில் ஜன்னல் விளிம்பு, வெயில் ஏறினால் பீரோவின் உச்சி, மாலையில் உங்கள் மடி. சரி, அந்தப் பூனைக்கு மெத்தை விற்றாரே ஒரு பெண், அவர் எங்கே உட்காருவார்? அதைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

தெரியாது அல்லவா? நான் சொல்கிறேன்.

தெருத் திருப்பத்தில், மருந்துக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் இருக்கிறது அந்தக் கடை. பூனைச் சாமான்களைத் தவிர வேறெதுவும் அங்கே கிடையாது. கண்ணாடிக் கதவைத் தள்ளினால் இடது பக்கம் மணல் மூட்டைகள். பூனை மலம் கழிப்பதற்கான மணலில்கூட வாசனை போட்டது, போடாதது, கட்டி தட்டுவது, தட்டாதது என்று தினுசு தினுசாக உண்டு. நடுவில் துணிச் சுரங்கங்கள், இறகு கட்டிய கோல்கள், தீனியை ஒளித்துவைத்து உருட்டவிடும் பந்துகள், கயிறு சுற்றிய நகம் தேய்க்கும் கம்பங்கள். வலது சுவரோரம் மெத்தைகள். வட்ட மெத்தை, குகை மெத்தை, ஜன்னலில் தொங்கவிடும் மெத்தை. மூட்டுவலி வந்த வயதான பூனைகளுக்கென்று தடித்த மெத்தை ஒன்று தனியாக. பூனைக்கு மூட்டுவலி வரும் என்பது அந்தக் கடைக்குத் தெரியும். மனுஷிக்கு வரும் என்பதுதான் தெரியாது.

அந்த மனுஷியை வருகிறவர்கள் எல்லாரும் 'பூனையக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ராத்திரி பூரா ஓடுதுக்கா. திரைச்சீலையில ஏறித் தொங்குது" என்று யாராவது புலம்பிக்கொண்டு வந்தால், பூனையக்கா இருப்பதிலேயே விலை கூடிய பொருளை எடுத்து நீட்டமாட்டார்.

"பகல் பூரா தூங்கவிட்டுட்டு ராத்திரி ஓடாதேன்னா எப்படி? சாப்பாடு வைக்கிறதுக்கு முன்னாடி இந்த இறகுக் கோலை ஆட்டி நல்லா ஓடவிடுங்க. கடைசியில அது பிடிக்கிற மாதிரி விட்டுடணும். ஏமாத்திக்கிட்டே இருந்தா அதுக்குக் கோபம் வராதா? நமக்கே வருதே."

இரண்டு பூனை வளர்ப்பவரிடம் மூன்று மணல் தட்டு வைக்கச் சொல்வார்.

"ரெண்டுக்கு எதுக்குக்கா மூணு?"

"உங்க வீட்ல காலையில பாத்ரூமுக்குச் சண்டை வர்றதே இல்லையா?"

தண்ணீர்க் கிண்ணத்தைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள் என்பார். கம்பம் ஆடினால் பூனை நகம் தேய்க்காது என்று ஆட்டிக் காட்டுவார். எல்லாவற்றையும் நின்றுகொண்டே சொல்வார். கடை திறந்ததிலிருந்து ஷட்டரை இறக்கும்வரை ஊழியர்கள் உட்காரக் கூடாது என்பது அங்கே சட்டம்.

பூனையக்காவுக்கு முழங்காலுக்குக் கீழே நரம்புகள் நீலமாகப் புடைத்துச் சுருண்டுவிட்டன. மாலையானால் கணுக்கால் வீங்கிச் செருப்பு நுழையாது. "இப்படியே நின்னீங்கன்னா புண்ணு வரும், வந்தா லேசில ஆறாது. உட்காருங்கம்மா" என்று சொல்லி அனுப்பினார் டாக்டர். உலகத்திலேயே மலிவான மருந்து. அந்த ஒன்றுதான் கிடைக்கவில்லை.

அவருடைய கணவர் பஸ் டிரைவர். வீட்டுக்கு வந்ததும் மனைவியின் கால்களைத் தலையணைமேல் தூக்கிவைத்துவிட்டுத் தன் இடுப்பைப் பிடித்துக்கொள்வார்.

"உட்கார்ந்து உட்கார்ந்தே என் இடுப்பு விட்டுப்போச்சு."

"வாங்க, வேலையை மாத்திக்கலாம். நான் பஸ் ஓட்டறேன், நீங்க மணல் மூட்டை தூக்குங்க."

"பஸ்ல ஏறினவங்க கதி?"

"இப்ப மட்டும் என்ன வாழுதாம்?"

சிரிப்பார்கள். சிரித்தால் வீக்கம் வடிந்துவிடுமா?

ஒருநாள் துணிந்து முதலாளியின் அறைக்குப் போனார் பூனையக்கா.

"சார், ஆள் இல்லாத நேரத்துல உட்கார ஒரு ஸ்டூல் கிடைச்சா நல்லாயிருக்கும். டாக்டர் சொல்லிட்டார்."

"டாக்டருக்கு வியாபாரம் தெரியுமாம்மா? உள்ள வர்றவங்க நீ உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்தா ஈ ஓட்டற கடைன்னு நினைப்பாங்க. சுறுசுறுப்பு தெரியணும்மா, சுறுசுறுப்பு!"

இந்தச் சுறுசுறுப்பு உபதேசத்தை அவர் சுழல் நாற்காலியில் சாய்ந்தபடி, சுழலாமல் செய்தார்.

வெளியே வந்தபோது, பில் போடும் பெண் குனிந்து கிசுகிசுத்தாள். அவளும் நாள் முழுக்க நிற்பவள்தான்.

"அக்கா, பேசாம பூனை வேலைக்கு மனு போடுங்க. மெத்தை இலவசம்."

கடையில் அந்த வேலையைப் பார்ப்பது ராக்கெட். கறுப்பும் வெள்ளையுமான பூனை. சுரங்கத்தில் பாய்ந்து, கம்பத்தில் ஏறி, மூன்றடுக்குப் பலகையின் உச்சியிலிருந்து குதிக்கும். அதைப் பார்க்கவே ஜனம் வரும், பார்த்தவர்கள் வாங்குவார்கள். ஆனால் அந்தப் பூனையால் பிழைக்கும் முதலாளிக்கு, பூனை குறுக்கே போனால் ஆகாது. ராக்கெட் அவர் பாதையைத் தாண்டினால் அப்படியே திரும்பி அறைக்குப் போய், உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, தோஷம் கழிந்தது என்று தோன்றிய பிறகுதான் வெளியே வருவார். ஒரு பிராணி எதையோ துரத்திக்கொண்டு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகிறது. இந்த மனிதரின் எதிர்காலம் அதன் வாலில் எப்படி ஒட்டிக்கொள்ளும்? கடைக்குள் வாழும் பூனை குறுக்கே போகாமல் பறந்தா போகும்? படித்த மனிதர்தான். பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டியும் வைத்திருக்கிறார்.

ஒரு மத்தியானம் கடையில் ஆளில்லை. கால் கடுத்துத் தாங்காமல் பூனையக்கா மூன்றடுக்குப் பலகையின் அடித்தட்டில் ஒதுங்கி உட்கார்ந்து, கையிலிருந்த இறகுக் கோலைச் சும்மா ஆட்டினார். அதே நேரம் முதலாளியின் கதவு திறந்தது. "யாரது உட்கார்ந்து..." என்று அவர் ஆரம்பிக்கவும், ராக்கெட் இறகைத் துரத்தி அவர் காலுக்கு முன்னால் பாயவும் சரியாக இருந்தது. வாக்கியத்தை முடிக்காமலே கதவைச் சாத்திக்கொண்டார்.

பில் போடும் பெண்ணும் பூனையக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து அறைக் கதவின் கைப்பிடி அசைந்தால் இறகு ஆடியது. ராக்கெட் பாய்ந்தது. முதலாளி உள்ளே தண்ணீர் குடித்தார். பூனையக்காவின் கணுக்கால் வீக்கம் கொஞ்சம் வடிந்தது. ஆனால் முதலாளி கோலைச் சந்தேகப்படவில்லை, பூனையைச் சந்தேகப்பட்டார்.

"இந்தச் சனியனுக்கு என்மேல என்ன பகை? கூண்டுல போடுங்க."

கூண்டு வந்தது. இரண்டு நாள் ராக்கெட் கத்தியது. பிறகு கத்தவில்லை. தீனியை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்தது. வயிற்றை நக்கி நக்கி ரோமம் உதிர்ந்து தோல் தெரிந்தது. பூனையக்கா கம்பிக்குள் விரலை விட்டு, "என் காலுக்காக உன்னை உள்ள தள்ளிட்டேனேடா" என்றார். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வாடிக்கையாளர்கள் பார்த்தார்கள். "உங்க கடைப் பூனையே இப்படிக் கிடக்கே, இங்க வாங்கினா எங்க பூனை உருப்படுமா?" என்று ஒரு அம்மா உரக்கவே கேட்டுவிட்டுப் போனார். முதலாளி பதறினார். தன் கடையிலேயே விற்கும் 'மன அமைதிக் கல்' பதித்த கழுத்துப்பட்டையை மாட்டிப் பார்த்தார். ராக்கெட் ஒரே கடியில் கல்லைப் பெயர்த்துத் துப்பியது. அந்தக் கல்லைப் பற்றி அதைவிடச் சுருக்கமாக நானும் சொல்ல முடியாது.

கடைசியில் பூனையக்காவைக் கூப்பிட்டார்.

"என்னம்மா பண்றது?"

"திறந்துவிடணும் சார். தினமும் விளையாட்டுக் காட்டணும். மிரண்டுபோயிருக்கு, நின்னுக்கிட்டு ஆட்டினா கிட்ட வராது. தாழ உட்கார்ந்து ஆட்டணும்."

"தரையில உட்காரேன்."

"உட்கார்ந்தா எழுந்திருக்க முடியாது சார். ஒரு ஸ்டூல் இருந்தா..."

"யாருக்கு?"

பூனையக்கா குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"பூனைக்குத்தான் சார்."

அன்று மாலையே ஸ்டூல் வந்தது. மனுஷியின் காலுக்கு வராத ஸ்டூல், பூனையின் மனசுக்கு மெத்தையோடு வந்தது!

அதில் உட்கார்ந்து இறகை மெல்ல மெல்ல ஆட்டினார். ராக்கெட் முதலில் கண்ணை மட்டும் அசைத்தது, பிறகு ஒரு காலை நீட்டியது, ஒரு வாரத்தில் பழையபடி பாய்ந்தது. வயிற்றில் ரோமம் முளைத்தது. முளைத்த கையோடு ஸ்டூலில் ஏறிச் சுருண்டு படுத்துக்கொண்டது. முதலாளி 'ராக்கெட்டின் இருக்கை' என்று எழுதி ஸ்டூலில் ஒட்டினார்.

"பூனை நல்லாயிடுச்சு இல்ல? இனிமே அதைத் தொந்தரவு பண்ணாதீங்க. வர்றவங்க போட்டோ எடுக்கிறாங்க."

பக்கத்தில் நின்றார் பூனையக்கா, கையில் கோலோடு. கணுக்கால் மறுபடி வீங்கியது. ஒருநாள் தோல் கறுத்து அரிக்கத் தொடங்கியது. புண் வருவதற்கு முன்னால் இப்படித்தான் அரிக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பூனையக்கா யோசிக்கவில்லை. ராக்கெட்டை அலாக்காகத் தூக்கினார், ஸ்டூலில் உட்கார்ந்தார், அதை மடியில் போட்டுக்கொண்டார்.

அறைக் கதவு திறந்தது.

"என்னம்மா இது? எழுந்திரு!"

"எழுந்திருக்கறேன் சார். எழுந்தா இது குதிக்கும். நீங்க நிக்கிற பக்கம்தான் ஓடும். பரவாயில்லையா?"

முதலாளி எடுத்த காலைக் கீழே வைக்கவில்லை. மடியிலிருந்த ராக்கெட் அவரைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

"வேண்டாம், வேண்டாம். நீ உட்காரு. உட்காரும்மா."

இன்றுவரை உட்கார்ந்துதான் விற்கிறார். வியாபாரம் குறையவில்லை. அரிப்பு நின்றுவிட்டது, புண் வரவில்லை. நியாயம் நகர்த்தாத மனிதரை ஒரு மூடத்தனம் நகர்த்தியது என்று சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் பூனையக்கா உட்கார்ந்த மறுநாள் பில் போடும் பெண்ணும் கேட்டாள்.

"சார், எனக்கும் ஒரு ஸ்டூல்..."

"உனக்கு எதுக்கு? உன் மடியில பூனையா இருக்கு?"

அவள் இன்னும் நிற்கிறாள். பக்கத்து மருந்துக் கடையில் நிற்கிறார்கள், செருப்புக் கடையில் நிற்கிறார்கள். அங்கெல்லாம் பூனை இல்லை. நீங்கள் இருக்கிறீர்கள். அடுத்த முறை கடைக்குப் போனால் பையிலிருந்து பணத்தை எடுக்குமுன், எதிரே நிற்பவரிடம், முதலாளி காதில் விழும்படி, "உங்க நாற்காலி எங்கே?" என்று கேளுங்கள். இல்லை என்றால் சாமானை மேசைமேல் வைத்துவிட்டு, நாற்காலி வரும்வரை நீங்களும் அங்கேயே நில்லுங்கள்.