காசியின் காதாக இருந்தவள்

ராணிப்பேட்டை தோல் கம்பெனியில் தோல் ஊறும் டிரம் சுற்றும் இரைச்சலுக்குள் நின்று நின்றே காசியின் காது மந்தமாகிப்போனது. அதன்பிறகு மனைவி செண்பகம்தான் அவருக்குக் காது. யார் பேசினாலும் அவள் வாயைத்தான் பார்ப்பார். கலவையிலிருந்து அவர் தங்கை ஜெயம்மாள் போனில் எவ்வளவு பேசினாலும், "நல்லா இருக்காங்களாம்" என்று முடித்துவிடுவாள் செண்பகம்.

மருந்துக்கடையில் வாங்கிய காது மிஷின் எல்லாச் சத்தத்தையும் சேர்த்துக் கூட்டியது. அது அலமாரிக்குப் போனதில் அவளுக்கு வருத்தமில்லை.

பிறகு காது டாக்டர் பார்த்தார். "செவிப்பறை நல்லா இருக்கு, நரம்புலதான் கோளாறு. ஆடியாலஜிஸ்ட் கிட்ட டெஸ்ட் பண்ணாம மிஷின் வாங்காதீங்க" என்று வேலூருக்கு அனுப்பினார்.

அங்கே ஆடியாலஜிஸ்டாக இருந்த சௌந்தர்யா என்ற இளம்பெண் காசியைச் சத்தம் புகாத அறையில் உட்காரவைத்து, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னாள். "கனமான சத்தம் கேக்குது. மெல்லிய சத்தம்தான் விட்டுப்போவுது. அத மட்டும் ஏத்தணும்" என்றாள். புது மிஷினை மாட்டி, அவர் முதுகுப்பக்கம் நின்று மெதுவாக, "கேக்குதா சார்?" என்றாள்.

காசி திரும்பிப் பார்த்துச் சிரித்தார். தன் வாயைப் பார்க்காமலே கேட்டுவிட்டாரே என்று செண்பகம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அவரே தங்கைக்குப் போன் போட்டார். டீக்கடையில் நண்பர் நிசார் அஹமதோடு பேசிப் பேசிச் சிரித்தார். ஆனால் வீட்டுக்குள் நுழைந்தால் மிஷினைக் கழற்றிவிடுவார்.

ஒருநாள் செண்பகம் வெடித்தாள். "டீக்கடைக்கு மாட்டிக்கினு போறீங்க, இங்க கழட்டிடுறீங்க. என் பேச்சு மட்டும் வாணாமா?"

"உன் பேச்சுதான் வாயப் பாத்தாலே புரியுதே. பாத்திரம் போடுற சத்தம் மண்டைய இடிக்குது."

மறுபடி சௌந்தர்யாவிடம் போனார்கள். அவள் பெரிய சத்தங்களைக் குறைத்து வைத்தாள். "காதுக்குப் பழக நாளாவும். தினமும் அமைதியான எடத்துல உக்காந்து யாராவது இவர்கிட்ட பேசணும். வாயப் பாக்கக் கூடாது."

"யாராவது இன்னா, நான் பேசுறேன்" என்றாள் செண்பகம்.

அன்று மாலையே அவருக்குப் பின்னால் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுச் சண்டையை ஆதியிலிருந்து சொன்னாள். வாசலில் நிசார் அஹமது கூப்பிட்டார்.

"அப்புறமா வர்றேன் தோஸ்த், இவ பேசிக்கினு இருக்கா" என்றார் காசி.

சண்டைக் கதை எப்போதோ முடிந்திருந்தது. செண்பகம் இன்னொன்றைத் தொடங்கினாள்.