உம்மா அடித்த சீட்டி

நேற்று பேத்தி வாங்கிவந்த தோல்பையைத் திறந்ததும் எழுந்த வாடையில் நெருளில் நாங்கள் இப்போது இருக்கும் இந்த வீடு மறைந்து, அறுபதுகளில் நாங்கள் இருந்த தாராவித் தகரக்கூரை வீடு வந்துவிட்டது. இன்று அந்த இடத்தில் மாடிக் கட்டடம் நிற்கிறது. அப்போது முன்னறையில் வாப்பாவின் தம்பி, எங்கள் சாச்சா, தோல் பெல்ட் தைத்தபடியே ஓயாமல் சீட்டியடிப்பார். எந்தக் கூரைமேல் இருந்தாலும் எங்கள் பூனை ராணி ஓடிவந்து, அவர் மடியில் ஏறி, முன்னங்காலால் வாயைப் பொத்திவிடும்.

"வீட்டுக்குள்ள சீட்டியடிச்சா பரக்கத்து, இருக்க செல்வமெல்லாம் போயிரும்னு சொல்லுதேன், கேக்க மாட்டேங்கியளே தம்பி! பூனைக்குத் தெரியுது, ஒங்களுக்குத் தெரியலியே!" என்பாள் உம்மா.

ஒருமுறை சாச்சா ஊருக்குப் போயிருந்தபோது, ராணி மீனைக்கூட முகராமல் தையல் மெஷினுக்கு அடியிலேயே சுருண்டு கிடந்தது. மூன்றாம் நாள் உம்மா கதவைச் சாத்தினாள், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள், உதட்டைக் குவித்தாள். முதலில் வெறும் காற்றுதான் வந்தது. பிறகு சாச்சாவின் அதே மெட்டு, கொஞ்சமும் பிசகாமல். ராணி பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தியது. உம்மா அந்தக் காலை மெல்ல விலக்கிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.